தெருவில் நின்ற சமையலறை

சமையலறை தெருவில் நின்றது.

மேஸ்திரி மூன்றாம் முறையாக அளந்து பார்த்துவிட்டாள். கூடத்தின் வலப்பக்கச் சுவரில் சமையலறைக்குப் போகும் கதவு இருந்தது. அதே சுவரில், கதவிலிருந்து இரண்டடி தள்ளி, ஒரு பெரிய சன்னல். சன்னலுக்கு வெளியே தெரு. சைக்கிள்கள் போயின, தபால்காரர் வந்தார். சமையலறையோ பதினான்கடி அகலம். கதவுக்குப் பின்னால் அதை வைத்தால் சன்னலை மறைத்துக்கொண்டு தெருவுக்குள் நீட்டிக்கொண்டு நின்றது. தபால்காரர் கடிதம் கொடுக்க வேண்டுமானால் அடுப்பைத் தாண்டித்தான் வர வேண்டும்.

அவள் கொத்து வேலை செய்கிறவள் இல்லை. வீடியோ கேம்களுக்குள் வரும் வீடுகளையும் தெருக்களையும் கணினியில் கட்டுவது அவள் வேலை. விளையாடுகிறவர் சுவருக்குள் புகுந்துவிடாமல், படிக்கட்டிலிருந்து காற்றில் கால் வைத்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் அவள் பொறுப்பு. அதனால் அலுவலகத்தில் மேஸ்திரி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது அவர்கள் கையிலிருந்தது, ஒரு தொலைக்காட்சித் தொடரை வைத்துச் செய்யும் கேம். ஒன்பது ஆண்டுகள் ஓடிய தொடர். ஒரு பெரிய வீடு, அதில் காணாமல் போகும் சாவிகள், பத்திரங்கள், சில சமயம் மனிதர்கள். எல்லாவற்றையும் ஓசைப்படாமல் கண்டுபிடித்துவிடும் மூத்த மருமகள். கேமில் விளையாடுகிறவர்தான் மூத்த மருமகள்.

வீட்டின் வரைபடம் யாரிடமும் இல்லை. தொடர் நிறுவனத்திடம் கேட்டதற்கு, செட்டைப் பிரித்துப் பலகைகளை வேறு தொடருக்குக் கொடுத்தாயிற்று என்று பதில் வந்தது. ஆகவே அவள் தொடரைப் பார்த்தே அளந்தாள். அதில் மாயவித்தை ஒன்றும் இல்லை. கூடத்தின் தரையில் சதுரக் கற்கள் பதித்திருந்தார்கள். ஒரு கல்லின் பக்கம் எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் கற்களை எண்ணியே அறையின் நீள அகலத்தைச் சொல்லிவிடலாம். கல்லின் அளவுக்கு, அதன்மேல் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலி கைகொடுத்தது. அந்த ரகம் இன்னும் கடையில் விற்கிறது. டேப்பை எடுத்துக்கொண்டு போய், கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்க்கப் பார்க்க, நான்கு கால்களுக்கும் இடையே அளந்துவிட்டு ஒன்றும் வாங்காமல் திரும்பினாள். கதவுகளின் உயரத்துக்கு மாமனாராக நடித்தவர் உதவினார். ஆறடி ஓரங்குல மனிதர், கதவுச் சட்டத்துக்கும் அவர் தலைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. இப்படி ஏழு அறைகளும் ஓர் அங்குலம் பிசகாமல் கிடைத்தன. ஏழையும் ஒன்றாகச் சேர்க்கும்போதுதான் வீடு சண்டைக்கு வந்தது. சமையலறை தெருவுக்கு ஓடியது. படிக்கட்டு ஏறும்போது பதின்மூன்று படி, இறங்கும்போது ஒன்பது. மாடி அறை சன்னலில் வாசல் கேட் தெரிந்தது, அந்தச் சன்னலோ வீட்டின் பின்பக்கம் பார்த்து இருந்தது.

பக்கத்து மேசைக்காரருக்கு இதில் வியப்பே இல்லை. கேமை இயங்க வைக்கும் நிரல்களை எழுதுகிறவர் அவர். எதைக் கேட்டாலும் அடுத்த வாரம் என்பார், அதனால் வாய்தா என்று பெயர்.

"செட்டுங்க அது. ஏழு அறையையும் ஏழு மூலையில போட்டிருப்பாங்க. வீடுன்னு ஒண்ணு இருந்தாத்தானே சேரும்?"

அது அவளுக்குத் தெரியாதா? தெரிந்தும் குழப்பம் தீரவில்லை. செட்டாக இருக்கட்டும், ஒன்பது வருடம் பார்த்த அத்தனை பேரும் அதை ஒரு வீடாகத்தானே பார்த்தார்கள்? சமையலறை தெருவில் நிற்கிறதே என்று ஒருவர்கூட ஏன் கேட்கவில்லை?

வாய்தாவுக்கு இதைவிடப் பெரிய சித்தாந்தம் ஒன்று இருந்தது. சினிமாவிலிருந்தோ தொடரிலிருந்தோ எடுத்த கேம் உருப்படாது என்பது அது. காரணமும் வைத்திருந்தார். படம் வெளியாகும் நாளைக்கு முன்னால் முடித்தாக வேண்டும் என்று கழுத்தில் கத்தி வைப்பார்கள். பாதி வெந்ததை இறக்கிவிடுவார்கள். பெயருக்காகவே விற்றுவிடும் என்பதால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். மேஸ்திரிக்கு இது முழுக் காரணமாகத் தோன்றவில்லை. இவர்களுடைய தொடர் முடிந்தே இரண்டு வருடம் ஆகிறது, கழுத்தில் கத்தி எதுவும் இல்லை, இருந்தும் சமையலறை தெருவில்தான் நிற்கிறது.

ஆனால் தவணை ஒன்று இருந்தது. தொடர் நிறுவனம் ஒரு நிபந்தனை போட்டிருந்தது. மாதக் கடைசித் திங்கட்கிழமை பன்னிரண்டு பேரை உட்கார வைப்பார்கள்: எட்டுப் பேர் தொடரை விடாமல் பார்த்தவர்கள், நான்கு பேர் பார்க்காதவர்கள். ஒரு மணி நேரம் விளையாடியபின், அந்த வீட்டுக்குள் இருந்தது போலவே இருந்தது என்று ஒன்பது பேராவது சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தொடரின் பெயரைத் தர மாட்டார்கள். மேனேஜர் அதை அவளிடம் சொன்னபோது கூடவே இன்னொன்றும் சொன்னார். இந்தக் கேம் நின்றுபோனால் வீடு கட்ட ஆள் தேவைப்படாது, ஒரே நிறப் பழங்களைச் சேர்க்கும் விளையாட்டுக்கு எதற்குப் படிக்கட்டு? அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. இங்கே வருமுன் அவள் ஒரு கட்டட நிறுவனத்தில் எட்டு வருடம் இருந்தாள். அந்த எட்டு வருடமும் அவளுக்கு வரையக் கொடுத்தது கழிவறைகள் மட்டும். அந்த வேலை இப்போதும் காலியாகத்தான் இருக்கிறது என்று போன வாரம்கூட அங்கிருந்து ஒருவர் சொன்னார்.

முதலில் அவள் நேர்மையான வழியைத்தான் பிடித்தாள். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு நடைபாதையைச் செருகினாள். சன்னலை எதிர்ச் சுவருக்கு மாற்றினாள். படிக்கட்டை இரு வழிக்கும் பதினொன்றாக்கி, மாடியைத் திருப்பி வைத்தாள். வெறும் காட்டில் நிறுத்தினாலும் நிற்கக்கூடிய வீடு. ஒத்திகைக்குப் பக்கத்துக் கூரியர் அலுவலகம், கண்ணாடிக் கடை, மேல்மாடி அலுவலகம் என்று ஆள் திரட்டி, எட்டும் நான்குமாகப் பன்னிரண்டு பேரை உட்கார வைத்தார்கள்.

தொடரைப் பார்க்காத நான்கு பேருக்கும் வீடு பிடித்திருந்தது. நல்ல காற்றோட்டமான வீடு என்றார் ஒருவர். பார்த்தவர்களில் ஒருவர் மட்டும் ஆமாம் போட்டார், அவர் பாதி நேரம் போனில் இருந்தார். மற்ற ஏழு பேரும் உதட்டைப் பிதுக்கினார்கள். கூரியர் அலுவலகத்தில் ரசீது போடும் அம்மாளை என்ன குறை என்று கேட்டதற்கு, அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

"எல்லாம் இருக்கும்மா. ஆனா இது அவங்க வீட்டுக்குப் பக்கத்து வீடு மாதிரி இருக்கு."

பன்னிரண்டில் ஐந்து. மேஸ்திரிக்குத் தலை சுற்றியது. சரியாகக் கட்டினால் தப்பு என்கிறார்கள், தப்பாகக் கட்டவோ வழியே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்காவிடம் போனாள். அக்கா என்றால் ஒன்றரை வயதுதான் மூத்தவள், நில அளவை அலுவலகத்தில் வரைவாளர். யாருடைய நிலம் எங்கே முடிந்து யாருடையது எங்கே தொடங்குகிறது என்று இருபது வருடமாகக் கோடு போடுகிறவள். அந்தத் தொடரை ஒரு நாள் விடாமல் பார்த்து, முடிந்ததும் முதலிலிருந்து இன்னொரு தடவை பார்த்தவள். அந்த வீட்டில் கண்ணைக் கட்டிவிட்டால்கூட நடப்பேன் என்று அடிக்கடி சொல்வாள். சாப்பாட்டு மேசையைத் துடைத்து, பெரிய தாளை விரித்து, பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தாள்.

கூடத்தைப் போட்டாள். சோபா, போன் வைத்த குட்டை மேசை, எப்போதும் ஐந்து நிமிடம் வேகமாக ஓடும் கடிகாரம், எதுவும் பிசகவில்லை. சமையலறையைப் போட்டாள். அலமாரியின் மூன்றாவது தட்டில் உடைந்த கைப்பிடி உட்பட எல்லாம் வந்தது. இரண்டையும் சேர்க்கும் இடத்தில் பென்சில் நின்றது. அழித்தாள். போட்டாள். தாளைத் திருப்பிப் பார்த்தாள். அவர்கள் தொழிலில் இதற்கு ஒரு சோதனை உண்டு. புறப்பட்ட எல்லைக் கல்லிலிருந்து நிலத்தைச் சுற்றி அளந்துகொண்டே வந்தால், கடைசிக் கோடு மீண்டும் அதே கல்லில் வந்து முட்ட வேண்டும். முட்டாவிட்டால் எங்கோ அளவு பிழை. அக்கா நான்கு தடவை சுற்றி வந்தாள். நான்கு தடவையும் கோடு தெருவில் போய் முடிந்தது.

"நீ கேட்டுக் கேட்டுத்தான்டி எனக்கு வீடே மறந்துபோச்சு," என்று பென்சிலைக் கீழே போட்டாள். "நல்லா இருந்தேன் நான்."

மேஸ்திரி சிரிக்கவில்லை. தாளைத் தன் பக்கம் இழுத்து, அழித்த தடங்களைப் பார்த்தாள். அறைகளுக்குள் ஓர் அழிப்புக்கூட இல்லை. அழிப்பு முழுவதும் கதவுகளில். கதவிருந்த இடமெல்லாம் தாள் மெலிந்து, ஒன்றில் ஓட்டையே விழுந்திருந்தது. அவளுக்கு ஏதோ புரிவது போல இருந்தது, என்னவென்று பிடிபடவில்லை. வரைவதை விடு, கதையாகச் சொல் என்றாள். மூத்த மருமகள் சமையலறையில் டீ போட்டு மாமனாருக்கு எடுத்துக்கொண்டு போகிறாள். எப்படிப் போகிறாள்?

"கதவத் தள்ளுவா. மாமனார் ரூம்ல நுழைவா."

"நடுவுல?"

"நடுவுல என்ன நடுவுல? போயிடுவா."

"நடுவுல ஹால் இல்லையா?"

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஹால்ல யாராவது உட்கார்ந்திருந்தா ஹால் இருக்கும். சின்ன மருமக இருப்பா, டீ யாருக்குன்னு கேப்பா, இவ ஒரு பொய் சொல்லுவா. யாருமே இல்லன்னா எதுக்குடி ஹால்?"

மேஸ்திரி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். சரி, அதே சமையலறைக் கதவைத் திறந்து மாடிக்கும் போகிறாளே, அப்போது?

"அப்போ கையில சாவிக்கொத்து இருக்கும். அவ என்னிக்கு வெறுங்கையா நடந்திருக்கா? டீ இருந்தா மாமனாருக்கு, சாவி இருந்தா மாடி பீரோவுக்கு, கடுதாசி இருந்தா புருஷனுக்கு. கையப் பாத்தாலே எங்க போறான்னு தெரிஞ்சிடுமே. இதுகூடத் தெரியாம என்னத்தடி கட்டுற நீ?"

 மேஸ்திரி வீட்டுக்குப் போய்த் தொடரிலிருந்து கைக்கு வந்தபடி நாற்பது காட்சிகளைப் போட்டுப் பார்த்தாள். எந்தக் காட்சியிலும் யாரும் ஒரு கதவை முழுதாகக் கடக்கவில்லை. கை கைப்பிடியில் படும், காட்சி வெட்டுப்படும், ஆள் மறுபக்கம் நிற்பார். அந்த வெட்டில்தான் நடைபாதை, தெரு, நான்கு படிகள் எல்லாம் காணாமல் போயிருந்தன. பார்க்கிறவர் அதை ஓர் இழப்பாகக்கூட உணரவில்லை, ஆள் எதற்காகப் போகிறாள் என்பது தெரிந்திருந்ததால் எந்த வழியாகப் போனாள் என்று அவர் கேட்கவே இல்லை. கேமில் வெட்டு கிடையாது. விளையாடுகிறவர் ஒவ்வோர் அடியையும் தானே வைக்கிறார். வெட்டிப்போட்ட அத்தனை அடிகளும் திரும்பி வந்து அவர் காலடியில் விழுகின்றன.

மறுநாள் வாய்தாவிடம் சொன்னபோது முதலில் வழக்கம்போல அடுத்த வாரம் என்றார். பிறகு அக்கா வரைந்த தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு, இது வேலை குறைவாயிற்றே என்றார். அறைகளைச் சேர்க்கவே வேண்டாம். ஏழையும் ஏழு தனிப் பெட்டிகளாக விட்டுவிடலாம். கைப்பிடியைத் தொட்டதும், கையில் இருப்பது எது என்று பார்த்து, அது சேர வேண்டிய பெட்டியில் ஆளை இறக்கிவிட வேண்டியதுதான். கூடத்தில் ஆள் இருந்தால் முதலில் கூடத்தில் இறக்க வேண்டும். கையில் ஒன்றுமில்லை என்றாலும் கூடம், அங்கிருந்து எந்தக் கதவோ அந்த அறை. கதவு திறந்தே கிடந்தால் பின்னால் இருக்கும் வெறுமை தெரிந்துவிடும், ஆகவே தானாகச் சாத்திக்கொள்ளட்டும். வழக்கமாகத் திரையின் மூலையில் வைக்கும் வரைபடத்தையும் எடுத்துவிட்டார்கள், வரைய வீடே இல்லையே.

இரண்டாம் ஒத்திகையில் தொடரைப் பார்த்த எட்டுப் பேரும் எழுந்து வந்து, வீடு அப்படியே இருக்கிறது என்றார்கள். முதல் தடவை வந்த ரசீது அம்மாள் இந்தத் தடவை நேரம் முடிந்தும் எழுந்திருக்க மறுத்தார். சமையலறையிலிருந்து மாமனார் அறைக்கு எப்படிப் போனீர்கள் என்று கேட்டால், கதவைத் திறந்துதான் போனேன், பின்னே எப்படிப் போவார்கள் என்று திருப்பிக் கேட்டார். மேஸ்திரிக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஆனால் பார்க்காத நான்கு பேரும் வெலவெலத்துப் போயிருந்தார்கள். கண்ணாடிக் கடைக்காரர் டீயோடு சமையலறைக் கதவைத் திறந்தார், யாரோ ஒரு கிழவரின் கட்டில் முன்னால் நின்றார். சமையலறைக்குத் திரும்பி, சாவிக்கொத்தோடு அதே கதவை மறுபடி திறந்தார், மாடியில் நின்றார். மூன்றாம் முறை திறக்காமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"இந்த வீட்டைக் கட்டுனது யாரும்மா?" என்று மட்டும் கேட்டார்.

பன்னிரண்டில் எட்டு. ஒன்று குறைகிறது. திங்கட்கிழமைக்கு ஆறு நாள். வாய்தா நாற்காலியில் சாய்ந்து, தன் சித்தாந்தத்துக்குப் புதிய வால் ஒன்று சேர்த்தார். பார்த்தவனுக்கு இது கேம் இல்லை, தொடரின் ஞாபகம். பார்க்காதவனுக்கு இது கேமும் இல்லை, தொடரும் இல்லை. ஆக, நான் முன்னாடியே சொன்னேன் என்று முடித்தார். மேஸ்திரி கணக்கைத் திருப்பிப் பார்த்தாள். முதல் வீடு நான்கு பேருக்குச் சரி, இரண்டாம் வீடு எட்டுப் பேருக்குச் சரி; இரண்டு வீட்டையும் ஒரே இடத்தில் எப்படிக் கட்டுவது? அன்று பஸ்ஸில் அவள் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டாள்.

திரும்பி நடக்கும்போது ஒரு கேள்வி வந்தது. அந்த எட்டுப் பேரும் பிறக்கும்போதே அந்த வீட்டைத் தெரிந்துகொண்டு பிறக்கவில்லை. ஒரு காலத்தில் அவர்களும் கண்ணாடிக் கடைக்காரர் மாதிரித்தான் இருந்திருப்பார்கள். எப்போது பழகினார்கள்? அவள் இதுவரை அளந்ததெல்லாம் நடுவிலும் கடைசியிலும் வந்த பகுதிகளை, படம் தெளிவாக இருக்கிறதே என்று. தொடக்கத்தைத் தொடவே இல்லை.

முதல் இரண்டு வாரத்தை ஒரே மூச்சில் பார்த்தாள். கூடம் காலியாகவே இல்லை. கொழுந்தனார் செய்தித்தாள் படித்தார், சின்ன மருமகள் துணி மடித்தாள், இரண்டு பேரும் இல்லாதபோது ஒரு மின்சாரப் பணியாளர் ஏணி போட்டு விளக்கைப் பழுது பார்த்தார். அந்த ஏணிக்காரருக்குக் கதையில் ஒரு வேலையும் இல்லை. கூடத்தை ஆள் இல்லாமல் விடக்கூடாது என்பதற்காகவே அவரை ஏற்றிவிட்டிருந்தார்கள். மூத்த மருமகள் எந்த அறையிலிருந்து வந்தாலும் கூடத்தில் யாராவது அவளை நிறுத்தி ஒரு வார்த்தை பேசினார்கள். அவள் கையில் என்ன, யாருக்கு என்று கேட்டார்கள். நிறுத்தாமல் மேலே பார்த்தாள், மூன்றாம் வாரத்திலிருந்து கேட்பது குறைந்தது. ஐந்தாம் வாரத்தில் கூடம் முதல் தடவையாகக் காலியாக இருந்தது. டீயோடு கதவைத் தள்ளியவள் நேரே மாமனார் அறையில் நின்றாள். மேஸ்திரி அந்த இடத்தை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தாள். விஷயம் தெரிந்து பார்த்தபோதுகூட அது உறுத்தவில்லை.

வாய்தா இந்த முறை தவணை கேட்கவில்லை. ஏணிக்காரரைக் கேமுக்குள் கொண்டுவர ஒன்றரை நாள், அவர் ஏணி சுவருக்குள் புகாமல் நிறுத்த இன்னும் ஒரு நாள் ஆயிற்று. திங்கட்கிழமை தொடர் நிறுவனத்தின் ஆட்கள் சுவரோரம் நிற்க, பன்னிரண்டு பேர் உட்கார்ந்தார்கள். மேஸ்திரி தொடரைப் பார்க்காதவர்கள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரை மணி கழித்து அவர்களில் ஒருவர் சமையலறைக் கதவைத் திறந்தார், கூடம் காலி, நேரே மாமனார் முன்னால் நின்றார். அவர் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. டீயை மேசைமேல் வைத்துவிட்டு, தலையணைக்கு அடியில் பத்திரத்தைத் தேடினார்.

பதினொரு பேர் ஆமாம் என்றார்கள். பன்னிரண்டாமவர் தனக்கு அந்த மாமனாரையே பிடிக்கவில்லை என்றார். இதெல்லாம் சேர்ந்து நல்ல கேமா என்று வாய்தாவிடம் கேட்டதற்கு, வீடு நன்றாக இருக்கிறது, மற்றது அடுத்த வாரம் என்றார். அவளுக்கும் அதற்கு மேல் தெரியவில்லை. தெரிந்ததை மட்டும், இனி இந்தக் கேமில் வேலை செய்யப்போகிறவர்களுக்காக எழுதி, வெள்ளைப் பலகையில் ஒட்டினாள்:

அறைகளைச் சேர்க்க வேண்டாம். முதல் அரை மணி நேரம் கூடத்தில் எப்போதும் ஓர் ஆள் இருக்க வேண்டும். எந்தக் கதவைத் திறந்தாலும் கூடம் வழியாகத்தான் போக வேண்டும். கையில் இருப்பது யாருக்கு என்று அந்த ஆள் கேட்க வேண்டும். அதன்பின் கூடம் காலியாக இருக்கும்போது, கையில் இருக்கும் பொருள் யாருக்கோ அவர் அறையில் கதவு திறக்கும். வெறுங்கையாக இருந்தால் கூடத்தில் திறக்கும், கூடத்திலிருந்து எந்தக் கதவோ அந்த அறையில் திறக்கும். கதவு தானாகச் சாத்திக்கொள்ளும்.